கிளீனர் இறங்கிய பிறகு

கோயம்பேடு மார்க்கெட்டில் நள்ளிரவு தாண்டியதும் தொடங்கும் நெருக்கடி பார்த்தவர்களுக்குத் தெரியும். வெளியூர் லாரிகள் சரக்கு இறக்க வரிசை கட்டி நிற்கும். அவற்றின் இடுக்கில் புகுந்து, கடைகளுக்குக் காய்கறி ஏற்றிப்போக வந்த குட்டியானைகளும் பொலிரோ பிக்கப்களும் தோஸ்த்களும் முண்டிக்கொண்டிருக்கும். கொத்தவால் சாவடியின் சந்துகளில் பட்ட பாட்டைத் தாங்க முடியாமல் 1996-இல் இங்கே வந்த மார்க்கெட் இது. இடம் பெருகியதைவிட வேகமாக வண்டிகள் பெருகிவிட்டன. ஒரு விரற்கடை தப்பினாலும் முதலில் அடிவாங்குவது பக்கக் கண்ணாடிதான். டப்பென்று ஒரு சத்தம். டிரைவர் இறங்கிவந்து, தொங்குகிற கூட்டைத் தூக்கி நிறுத்தி, பிரவுன் டேப்பையோ சணலையோ சுற்றிக் கட்டுவார். "இந்த லோடை இறக்கிட்டு மாத்திக்கலாம்ணே" என்பார். அந்த லோடு இறங்கும், அடுத்த லோடு ஏறும், கண்ணாடி மட்டும் அப்படியே இருக்கும்.

உடைந்த கண்ணாடியோடு லோடு வண்டிகள் ஓடுவது இன்று நேற்று வந்த பழக்கமில்லை. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அப்படித்தான் ஓடின. ஆனால் அன்றைக்கு அது பெரிய ஆபத்தாக இல்லை, இன்றைக்கு ஆபத்து. இடையில் வண்டியை விட்டு ஒரு ஆள் இறங்கிப் போய்விட்டார் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மெட்டடோர் வேன்களும், சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு 20 வேன்களும், 1986-இல் வந்த டாடா 407-ம் ஊருக்குள் சரக்கு சுமந்த காலம். அந்த வண்டிகளின் பக்கக் கண்ணாடி என்பது ஒரு இரும்புக் கம்பி, அதன் நுனியில் தகரக் கூடு, கூட்டுக்குள் ரப்பர் பீடிங்கில் செருகிய ஒரு சமதளக் கண்ணாடி. அவ்வளவுதான். கம்பியின் அடி, கதவுக் கீல் பக்கம் இரண்டு போல்ட்டில் நிற்கும். வண்டி ஐடிலில் நின்றாலே கண்ணாடி நடுங்கும். அதில் தெரியும் பஸ்ஸும் மரமும் சேர்ந்து நடுங்கும். இரண்டு மழைக்காலம் தாண்டினால் ஓரத்தில் ரசம் போய் கறுப்புப் பூக்கள் பூத்துவிடும். ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்த பொட்டு அடுத்த வாரம் வரைக்கும் நடுக்கண்ணாடியிலேயே காய்ந்து கிடக்கும். கம்பியில் கறுப்புத் திருஷ்டிக்கயிறு தொங்கும். இடப்பக்கத்துக் கண்ணாடி இல்லாத வண்டிகளே ஏராளம். அதை யாரும் தேடவில்லை. தேட வேண்டிய அவசியமும் இல்லை.

ஏனென்றால் இடப்பக்கத்தில் கிளீனர் இருந்தார்.

கதவின் ஜன்னலில் முழங்கையை ஊன்றி, பாதி உடம்பை வெளியே நீட்டியபடிதான் அவர் உட்கார்ந்திருப்பார். பின்னால் சைக்கிள் வந்தால், "அண்ணே, சைக்கிள்". இடது பக்கம் ஒடிக்கலாம் என்றால் கதவுத் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. நிறுத்த வேண்டுமென்றால் ஒரே அடி, பலமாக. ரிவர்ஸ் எடுக்கும்போது குதித்து இறங்கிப் பின்பக்கம் ஓடுவார். "வரட்டும், வரட்டும்... ரைட்ல ஒடி... இன்னும் ஒடி... நேராக்கு... வரட்டும்... போதும், போதும்!" அந்தக் கடைசிப் 'போதும்' வந்த இடத்திலிருந்து சுவர் நாலு விரல் தள்ளி இருக்கும். ஒரு நல்ல கிளீனரின் குரலை நம்பி, பின்னால் திரும்பிப் பார்க்காமலே கிடங்குக்குள் வண்டியை ஏற்றும் டிரைவர்கள் இருந்தார்கள். லாரிகளின் பின்புறத்தில் 'சவுண்ட் ஹாரன்' என்று எழுதியிருந்ததும் இதே ஏற்பாட்டின் இன்னொரு பாதிதான். பின்னால் வருகிறவன் குரல் கொடுக்க வேண்டும், கிளீனர் கேட்டுச் சொல்ல வேண்டும், டிரைவர் ஒதுங்க வேண்டும். கண்ணாடிக்கு அதில் வேலை குறைவு.

கார் பந்தய வரலாற்றில் இதற்கு ஒரு பழைய ஜோடி உண்டு. 1911 மே 30 அன்று அமெரிக்காவின் இந்தியானாபொலிஸில் முதல் 500 மைல் பந்தயம் நடந்தது. கலந்துகொண்ட வண்டிகளில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒரு மெக்கானிக் உட்கார்ந்து, பின்னால் யார் நெருங்குகிறார்கள் என்று பார்த்துச் சொல்வது வழக்கம். ரே ஹரூன் மட்டும் மார்மன் வாஸ்ப் என்ற ஒற்றை இருக்கைக் காரோடு வந்தார். பின்னால் பார்க்க ஆள் இல்லாமல் ஓட்டுவது எல்லோருக்கும் ஆபத்து என்று மற்றவர்கள் ஆட்சேபம் கிளப்ப, அவர் ஒரு கண்ணாடியைக் கம்பிகளில் நிறுத்தி முன்னால் மாட்டிக்கொண்டார். பந்தயத்தை ஜெயித்தார். செங்கல் தளத்தின் அதிர்வில் அந்தக் கண்ணாடியில் உருப்படியாக ஒன்றும் தெரியவில்லை என்று பின்னாளில் அவரே சொன்னதாகச் சொல்வார்கள். மெட்டடோர் ஓட்டியவர்களுக்கு அது புதுச் செய்தியாக இருக்காது. மனிதக் கண்ணை இறக்கிவிட்டு அந்த இடத்தில் கண்ணாடியை ஏற்றிய அந்தக் காரியம், நம் ஊர்ச் சரக்கு வண்டிகளில் நடந்து முடிய இன்னும் ஒரு நூற்றாண்டு பிடித்தது.

கிளீனர் காலத்தை நினைத்து உருகுவதற்கில்லை. அந்த வேலைக்கு வந்தவர்களில் பலர் மீசை முளைக்காத பையன்கள். மோட்டார் போக்குவரத்துத் தொழிலில் சிறுவர்களை வைக்கக்கூடாது என்று 1961-லேயே சட்டம் வந்துவிட்டது. சாலையில் அதைக் கண்டுகொண்டவர்கள் குறைவு. படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போனவர்கள் கம்பத்தில் அடிபட்டார்கள். சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் நின்று 'வரட்டும்' சொன்னவர்கள் நசுங்கினார்கள். சம்பளம் என்று கையில் வந்தது படிக்காசும் சாப்பாடும்தான். அந்த வேலையிலிருந்து மேலே ஏறி ஸ்டீயரிங் பிடித்தவர்கள் இருந்தார்கள் என்பதும், ஏற முடியாமல் அங்கேயே வயதானவர்கள் இருந்தார்கள் என்பதும் உண்மை. அப்படியொரு வேலை இல்லாமல் போனது நல்லதே. ஆனால் அவர் செய்த வேலை அவரோடு போய்விடவில்லை. அதை யார் தலையில் வைத்தோம் என்பதுதான் கேள்வி.

கண்ணாடி உடைந்தால் அன்று என்ன செய்தார்கள்? ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போகவே வேண்டாம். புகைப்படத்துக்கும் சாமி படத்துக்கும் சட்டம் போடும் கண்ணாடிக் கடை எந்த ஊர்க் கடைத்தெருவிலும் இருந்தது. தகரக் கூட்டைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தால், கடைக்காரர் ஸ்க்ரூடிரைவர் முனையால் ரப்பர் பீடிங்கை நெம்பி உருவுவார். உடைந்த சில்லுகளைச் சாக்கில் தட்டிவிட்டு, கூட்டைக் கவிழ்த்துப் புதுக் கண்ணாடி மேல் வைத்து ஓரத்தைச் சுற்றிக் கோடு இழுப்பார். கோட்டுக்கு ஒரு நூல் உள்ளே தள்ளி வைரக் கட்டர் ஓடும். கிறீச்சென்ற அந்தச் சத்தம் நடுவில் அறுபடக்கூடாது. அறுபட்டால் கண்ணாடி அந்த இடத்தில் கோணலாக விரியும். அடியில் லேசாக ஒரு தட்டு, பிறகு இரண்டு கட்டைவிரல்களால் ஒரு அழுத்து. துண்டு விட்டு வரும். மூலைகளைச் சாணைக்கல்லில் தண்ணீர் தெளித்துத் தேய்ப்பார். பீடிங்கில் சோப்புத் தண்ணீர் தடவிக் கண்ணாடியைச் செருகினால் வேலை முடிந்தது. டீ குடித்து வருவதற்குள் ஆகிவிடும். கம்பி வளைந்திருந்தால் பக்கத்துப் பட்டறையில் இரண்டு சுத்தியல் அடி. கூடு நசுங்கியிருந்தாலும் அதே சுத்தியல்தான். உடைந்தது எதுவோ அதை மட்டும் மாற்றினார்கள். இன்று இழந்துவிட்டதாக நான் நினைப்பது இந்த ஒன்றைத்தான்.

2005-இல் டாடா ஏஸ் வந்தது. இரண்டு சிலிண்டர், 702 சிசி டீசல் எஞ்சின். ஒன்றரை மீட்டர் அகலம். நம் ஊர் அதற்குக் குட்டியானை என்று பேர் வைத்து வீட்டுப் பிள்ளைபோல ஏற்றுக்கொண்டது. மீன்பாடி வண்டியும் மாட்டு வண்டியும் போன சந்துக்குள் அதுவும் போனது. பின்னாலேயே 2011-இல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. மஹிந்திராவின் பிக்கப்கள் கிராமச் சாலைகளைப் பிடித்துக்கொண்டன. முன்பு சம்பளத்துக்கு ஓட்டிய பலர் தவணையில் சொந்த வண்டி எடுத்தார்கள். மாதத் தவணையும் டீசலும் போக மிஞ்சுவதில் இன்னொரு ஆளுக்குக் கூலி கட்டுபடியாகாது. கேபினில் இரண்டாவது இருக்கை இருக்கிறது, அதில் பெரும்பாலும் தண்ணீர் பாட்டிலும் டெலிவரி சலானும் சாப்பாட்டுப் பையும்தான் உட்கார்ந்திருக்கின்றன. இப்போது லோடு செல்போன் செயலியில் வருகிறது. ஏற்றுவதும் ஓட்டுவதும் இறக்குவதும் கணக்குப் பார்ப்பதும் ஒரே ஆள்.

அந்த ஒரே ஆளுக்குப் பின்னால் பார்க்க என்ன இருக்கிறது? காரில் ஓட்டுபவருக்கு உள்கண்ணாடி உண்டு. லோடு வண்டியில் கேபினுக்குப் பின்னால் வாழைத்தாரோ தக்காளிப் பெட்டியோ தார்ப்பாய் போர்த்தி ஆள் உயரத்துக்கு நிற்கும். உள்கண்ணாடியில் அந்தத் தார்ப்பாய்தான் தெரியும். மிச்சம் இருப்பவை இரண்டு பக்கக் கண்ணாடிகள் மட்டுமே. அதிலும் டிரைவர் வலப்பக்கம் உட்காரும் நம் நாட்டில், இடப்பக்கம் நுழைந்து முந்துகிற பைக்குகள் நிறைந்த நம் சாலையில், இடக்கண்ணாடி போனால் வண்டியின் ஒரு பக்கமே இருட்டு. கிளீனர் உட்கார்ந்திருந்த பக்கம் அதுதான்.

கண்ணாடியும் மாறித்தான் இருக்கிறது, நல்ல விதமாகவே. தகரமும் கம்பியும் போய், அடித்தால் மடங்கிக்கொள்ளும் பிளாஸ்டிக் கூடு வந்தது. மடங்குவதால் கூடு மட்டும் தப்பவில்லை, மேலே இடிபடும் மனிதனும் தப்புகிறான். சமதளக் கண்ணாடி போய்க் குவிகண்ணாடி வந்தது. இந்த மாற்றத்தின் மதிப்பை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். கண்ணாடி 15 சென்டிமீட்டர் அகலம், டிரைவரின் கண்ணிலிருந்து 70 சென்டிமீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். சமதளக் கண்ணாடி என்றால் 20 மீட்டர் பின்னால் சுமார் நாலரை மீட்டர் அகலம் தெரியும். நெடுஞ்சாலையின் ஒரு தடம் மூன்றரை மீட்டர், எனவே ஒரு தடத்துக்குச் சற்றே மேல். அதே அளவில் 1200 மில்லிமீட்டர் வளைவு ஆரம் உள்ள குவிகண்ணாடி மாட்டினால் ஒன்பது மீட்டருக்கும் மேல் தெரியும். இரண்டரைத் தடம். பக்கத்தில் பதுங்கி வரும் பைக் இந்தக் கூடுதல் அகலத்துக்குள்தான் இருக்கிறது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. குவிகண்ணாடி எல்லாவற்றையும் சிறிதாக்கிக் காட்டும். அதே கணக்குப்படி வலப்பக்கத்தில் 20 மீட்டர் பின்னால் வரும் பைக், சமதளக் கண்ணாடியில் தெரிவதில் பாதி அளவுக்கும் குறைவாகத் தெரியும். டிரைவரிடமிருந்து இன்னும் தள்ளியிருக்கும் இடக்கண்ணாடியில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். கண் அதைத் தூரம் என்று எடுத்துக்கொள்ளும். பழகிய டிரைவர் இந்தக் கழிவை மனசுக்குள்ளேயே போட்டுக்கொள்கிறார். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கழிவு. அதனால்தான் உடைந்த குவிகண்ணாடிக்குப் பதிலாக யாராவது பழைய ஞாபகத்தில் கண்ணாடிக் கடையில் ஒரு சமதளத் துண்டு வெட்டி எம்-சீல் வைத்து ஒட்டித் தந்தால் எனக்குப் பதறுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் வண்டிக்குக் கண்ணாடி இருக்கிறது. உள்ளே இருப்பவருக்குப் பாதி அகலம் போய்விட்டது, மனக்கழிவும் பொய்யாகிவிட்டது. பார்வைப் பரப்பு, வளைவு, பொருத்தும் இடம் எல்லாவற்றுக்கும் ஏ.ஐ.எஸ்.-001, 002 என்று இந்திய விதிமுறைகள் இருப்பது சும்மா இல்லை.

சரி, முறையாக மாற்றுவது கஷ்டமா? வேலை என்று பார்த்தால் அன்றைவிட இன்று எளிது. கதவு மூலையில் உட்காரும் வகையென்றால், கதவின் உள்பக்கம் ஒரு முக்கோண பிளாஸ்டிக் மூடி இருக்கும். விரலை நுழைத்து இழுத்தால் கிளிப் விட்டு வந்துவிடும். பின்னால் பெரும்பாலும் மூன்று நட். கடைசி நட்டைக் கழற்றும்போது இன்னொரு கை வெளியே கூட்டைப் பிடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் அது விழுந்து கதவின் பெயின்ட்டை இழுத்துவிடும். மோட்டார் வைத்த கண்ணாடி என்றால் ஒயர் சாக்கெட்டின் பூட்டை அழுத்திக்கொண்டு உருவ வேண்டும், ஒயரைப் பிடித்து இழுக்கக்கூடாது. புதியதை மாட்டும்போது நட்டுகளை ஒன்றையே முழுக்க முறுக்காமல் மாற்றி மாற்றி முறுக்கினால் அடி ரப்பர் சமமாக உட்கார்ந்து மழைத்தண்ணீர் கதவுக்குள் இறங்காது. ஒரு ஸ்பேனரும் கால் மணி நேரமும் போதும்.

தடை வேலையில் இல்லை, கடையில் இருக்கிறது. கவுன்ட்டரில் போய், "அண்ணே, கூடு நல்லாத்தான் இருக்கு, கண்ணாடி மட்டும் குடுங்க" என்று கேட்டால், "தனியா வராது தம்பி, செட்டாத்தான் எடுக்கணும்" என்ற பதில்தான் அடிக்கடி வருகிறது. கண்ணாடித் தகடு கூட்டுக்குள் நாலு கிளிப்பில் மாட்டியிருக்கும் தனிப் பொருள். அதைத் தனியாக விற்க எந்தத் தொழில்நுட்பத் தடையும் இல்லை, சில வண்டிகளுக்கு விற்கவும் செய்கிறார்கள். மற்றவற்றுக்கு முழுசாக வாங்க வேண்டும். குட்டியானை வகைகளுக்கு இது சில நூறு ரூபாயோடு போகும். இசுசு வி-கிராஸ் போல, தானே மடங்கித் தானே திரும்பும் கண்ணாடி வைத்த பிக்கப் என்றால் பல ஆயிரம். சென்னையில் ஜி.பி. ரோட்டில் ஒரு விலை, புதுப்பேட்டையில் பிரித்த வண்டியிலிருந்து கழற்றியது இன்னொரு விலை. ஒரிஜினல் அட்டைப்பெட்டிக்குப் பக்கத்திலேயே டூப்ளிகேட்டும் இருக்கும். டூப்ளிகேட்டில் கூடு அச்சு அசலாக இருக்கும். கண்ணாடிதான் அலையடித்து, நேர்க்கம்பத்தை வளைத்துக் காட்டும். வாங்கும் முன் கையில் பிடித்து, தூரத்தில் இருக்கும் ஒரு ஷட்டர் கதவின் கோடுகளை அதில் பார்த்தாலே தெரிந்துவிடும். என்னைக் கேட்டால், புதுப்பேட்டையின் பழைய ஒரிஜினல், பளபளக்கும் புது டூப்ளிகேட்டைவிட எவ்வளவோ மேல்.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்பார்கள். பிளாஸ்டிக் பாகத்துக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள், கண்ணாடிக்குத் தேய்மானம் கிடையாது. ஆனால் நாம் கட்டாயம் ஏற்க வேண்டிய தொகையையும் கழித்தால் கையில் என்ன வரும்? ஒரு க்ளெய்ம் போட்டால் அடுத்த ஆண்டு நோ க்ளெய்ம் போனஸ் போய்விடும், அது 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறுகிற சலுகை. அதனால் கண்ணாடிக்கென்று யாரும் க்ளெய்ம் போடுவதில்லை. எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று வாங்கும் வாரத்தில்தான் பல வண்டிகளுக்குப் புதுக் கண்ணாடி ஏறுகிறது.

கிராமச் சாலைகளில் இந்த உடைசல் குறையப்போவதில்லை. ஒற்றைத் தடச் சாலையின் அகலம் 3.75 மீட்டர். எதிரே வரும் பஸ் இரண்டரை மீட்டர், குட்டியானை ஒன்றரை. கூட்டினால் கண்ணாடிகளைச் சேர்க்காமலே நாலு மீட்டர். ஒருவர் மண்ணில் இறங்கித்தான் ஆக வேண்டும், மழைநாளில் யாரும் இறங்க விரும்புவதில்லை. நல்ல டிரைவர்கள் நின்று, கையை நீட்டித் தங்கள் கண்ணாடியை மடக்கிவிட்டு நகர்வார்கள். எதிரே இருப்பவரும் மடக்குவார். அந்த மரியாதை மட்டும் கிளீனர் காலத்திலிருந்து குறையாமல் இருக்கிறது.

வெளிநாடுகளில் கண்ணாடியையே எடுத்துவிட்டு கேமரா வைக்கும் காலம் தொடங்கிவிட்டது. 2018-இல் ஜப்பானில் லெக்சஸ் இ.எஸ். கார் அப்படி வந்தது. மெர்சிடிஸ் ஆக்ட்ரோஸ் லாரியிலும் வந்துவிட்டது. ஒருநாள் நம் குட்டியானைக்கும் வரலாம். அன்றைக்குச் சுவரில் உரசி அது உடைந்தால், உடைந்த பாகத்தை மட்டும் கவுன்ட்டரில் கேட்க முடியுமா என்பதுதான் எனக்கு முக்கியம். பிக்கப் தயாரிக்கும் எந்த நிறுவனமும், வண்டி விற்கும் முதல் நாளிலிருந்தே கண்ணாடித் தகட்டைத் தனி எண்ணோடு, தனி விலையோடு, தாலுகா ஊர்க் கடை வரைக்கும் அனுப்ப வேண்டும். தனியாக ஓட்டும் ஒரு மனிதர் இன்றைய லோடுக்கும் நாளைய லோடுக்கும் நடுவில் அதை மாற்றிக்கொள்ளும்படி அது மலிவாக இருக்க வேண்டும்.

மாற்றியவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். காலி வண்டியில் கண்ணாடியைச் சரிசெய்துவிட்டு லோடு ஏற்றினால், பின்பட்டை அழுந்தி வண்டியின் முகம் தூக்கிக்கொள்ளும், பின்னோக்கி இருக்கும் கண்ணாடியோ தரையைப் பார்க்கும். சரக்கு ஏற்றி, தார்ப்பாய் கட்டி முடித்தபின் இருக்கையில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் சற்று மேலே தூக்கி வையுங்கள். கண்ணாடியின் உள்ஓரத்தில் சொந்த வண்டியின் பக்கப்பலகை ஒரு கீற்று தெரிந்தால் போதும், மிச்ச இடம் முழுக்கச் சாலைக்கு. பின்சக்கரம் தரையைத் தொடும் இடம் கீழ்மூலையில் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இறக்கியபின் மறுபடி ஒருமுறை.